மார்பகப் புற்றுநோய்: குடி தாய்வழி, மரபணு இருவழி

என் மச்சாள் ஒருத்தி, 35 வயது முடிந்ததும் மிட்வைஃப் அக்கா விடாமல் சொன்னதால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் பெண்களைப் பரிசோதிக்கிற வெல் வுமன் கிளினிக்குக்குப் போய் வந்தாள். அங்கே விவரம் பதியும்போது குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லியிருக்கிறாள். பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தபடி இதைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பெரியம்மாவுக்கு 43 வயதில் அந்த நோய் வந்து, மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் மட்டக்களப்புக்குமாக இரண்டு வருடம் அலைந்து தேறி வந்தது ஊருக்கே தெரியும். பெரியம்மா என் அம்மாவின் அக்கா. மச்சாளின் அப்பா என் அம்மாவின் தம்பி. அப்படியென்றால் பெரியம்மா அவளுக்குச் சொந்த மாமி. "மாமிக்கு வந்ததைச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"அது அப்பாட ஆக்கள்தானே, எங்கட குடி இல்லையே" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வளர்ந்த யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. கலிங்கன் குடி, படையாட்சி குடி, உலகிப்போடி குடி என்று பல. அது தாயிடமிருந்து வருவது. மகனுக்கும் மகளுக்கும் தாயின் குடிதான், ஆனால் மகள்தான் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள், மகனுடைய குடி அவனோடு நின்றுவிடும். ஒரே குடிக்குள் கலியாணம் பேசமாட்டார்கள், அது அண்ணன் தங்கை முறை. கோயில் திருவிழாவில்கூட எந்த நாள் எந்தக் குடிக்கு என்று முறை இருக்கிறது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் இந்தத் தாய்வழிக் குடி இருக்கிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அதனால் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லோரும் ஒரே வளவிலோ பக்கத்து வளவிலோ இருப்பார்கள், அவர்களுடைய நோய் நொடி எல்லாம் கண்முன்னால் நடக்கும். அப்பாவின் ஆட்களுடைய நோய் யாரோ சொல்லிக் காதில் விழுகிற செய்தியாகத்தான் வந்து சேரும், சில வேளை வராமலே போய்விடும்.

சரி, மரபணு எப்படிப் போகிறது? ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் பரம்பரையலகு என்று படித்தோமே, அதுதான் மரபணு. நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் 23 சோடி நிறமூர்த்தங்கள் இருக்கின்றன, சோடியில் ஒன்று அம்மாவிடமிருந்து, மற்றது அப்பாவிடமிருந்து. மொத்தம் 20,000 அளவு மரபணுக்கள் அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆச்சரியம் என்னவென்றால், குடி போகிற மாதிரியே போகிற ஒரு பகுதியும் நமக்குள் உண்டு. கலத்துக்குள் இழைமணி என்று ஒன்று இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம், 37 மரபணுக்கள். அதைத் தாய் மட்டுமே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாள், மகன் வாங்குவான், கொடுக்கமாட்டான். அசலாகக் குடிதான். ஆனால் மார்பகப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்ட பெரிய மரபணுக்கள் அங்கே இல்லை. பி.ஆர்.சி.ஏ.1 என்பது 17 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, பி.ஆர்.சி.ஏ.2 என்பது 13 ஆம் நிறமூர்த்தத்தில். இவை இரண்டும் அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும், இரண்டுக்கும் ஒரே வாய்ப்பு.

இப்போது கணக்கைப் பாருங்கள். பெரியம்மாவுக்கு அப்படி ஒரு கோளாறுள்ள மரபணு, தன் தாயிடமோ தகப்பனிடமோ இருந்து வந்திருந்தால், கூடப்பிறந்த என் அம்மாவிடம் அது இருக்கப் பாதி வாய்ப்பு, மாமாவிடம் இருக்கவும் பாதி வாய்ப்பு. அங்கிருந்து எனக்கு வரப் பாதியில் பாதி, அதாவது நாலில் ஒன்று. மச்சாளுக்கும் நாலில் ஒன்றுதான். எனக்கு அவர் என் குடிப் பெரியம்மா, அவளுக்கு வேறு குடி மாமி, ஆனால் மரபணுவின் கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு ஒரே தூரத்தில் நிற்கிறோம். மாமாவுக்கு ஆண் என்பதால் நோய் வராமலே இருக்கலாம் (ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அரிது), ஆனால் அவர் அதை மகளுக்குக் கொடுத்திருக்க முடியும். மச்சாளுக்கு இதைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. பயமுறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

மறுகா, இந்த மரபணு என்னதான் செய்கிறது? கெட்ட மரபணு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பி.ஆர்.சி.ஏ. எல்லோருக்கும் இருக்கிறது, அது நல்ல வேலை செய்கிற மரபணு. கலத்துக்குள் டி.என்.ஏ. நாளாந்தம் அங்கங்கே அறுந்துகொண்டே இருக்கும், அறுந்ததைச் சரியாகப் பொருத்துகிற வேலையில் இவற்றுக்குப் பெரிய பங்கு. வாவிக்கரையில் வலை தைக்கிற ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கலத்துக்கும் வலை தைக்க இரண்டு பேர், அம்மா தந்த ஒருவர், அப்பா தந்த ஒருவர். ஒருவர் பிறவியிலேயே வேலை செய்யமுடியாதவராக இருந்தாலும் மற்றவர் தைத்துவிடுவார், வலை கிழியாது. ஆனால் வாழ்நாளில் என்றாவது, மார்பகத்தின் ஏதோ ஒரு கலத்தில், அந்த இரண்டாமவரும் விழுந்துவிட்டால் ஓட்டைகள் அப்படியே நிற்கும், கூடும், கடைசியில் அந்தக் கலம் கட்டுப்பாடில்லாமல் பெருகத் தொடங்கலாம். இரண்டு பேரும் நலமாகப் பிறந்தவருக்கு இரண்டும் விழவேண்டும், அதற்கு நீண்ட காலம் எடுக்கும், பெரும்பாலும் நடக்காது. வேலை செய்கிற ஒருவரோடு மட்டும் பிறந்தவருக்கு ஒன்று விழுந்தாலே போதும். அதனால்தான் பரம்பரையாக வருகிற புற்றுநோய் இளம் வயதிலேயே எட்டிப்பார்க்கிறது.

எவ்வளவு ஆபத்து? பி.ஆர்.சி.ஏ. கோளாறோடு வாழும் ஏறக்குறைய 9,900 பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2017-இல் வெளியானது. பி.ஆர்.சி.ஏ.1 கோளாறு இருந்தால் 80 வயதுக்குள் 100 பேரில் 72 பேருக்கு, பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 69 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும் என்பது அதன் கணக்கு. சூலகம், அதாவது பெண்ணின் வயிற்றுக்குள் இருக்கிற கருமுட்டைப் பை, அதில் வருகிற புற்றுநோய்க்கு முறையே 44, 17. (இந்தச் சூலகக் கணக்கை மனதில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.) சாதாரணமாக அமெரிக்கப் பெண்களில் எட்டில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. நம் நாட்டில் அதைவிடக் குறைவு, ஆனாலும் இலங்கைப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும்: மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் அது இப்படிப் பரம்பரையாக வந்தது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை, எனக்கு வராது என்று யாரும் இருந்துவிட முடியாது.

இனி இனங்களுக்கு இடையிலான வித்தியாசம். நெல்லறுத்து மலைபோலக் குவித்திருக்கிறது. அதிலிருந்து ஒரு சாக்கை மட்டும் விதைநெல்லாக எடுத்துக்கொண்டு ஒருவர் காட்டை வெட்டிப் புது வயல் செய்யப் போகிறார். பெரிய குவியலில் ஆயிரத்துக்கு ஒன்றாக இருந்த வேற்று நெல், இந்தச் சாக்கில் தற்செயலாகக் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது. அவர் ஒவ்வொரு போகமும் தன் நெல்லிலிருந்தே விதைக்கிறார், வெளியிலிருந்து வாங்குவதில்லை. பத்துப் பதினைந்து போகத்துக்குப் பிறகு அந்த வயலில் வேற்று நெல் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்கும். அந்த மண் கெட்டது என்றோ விதைத்தவர் பிழை விட்டார் என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. சின்னத் தொகையில் தொடங்கியதும், உள்ளுக்குள்ளேயே பெருகியதும்தான் காரணம். மனிதரிலும் இதுதான் நடந்திருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்து வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்களில் 40 பேருக்கு ஒருவர் பி.ஆர்.சி.ஏ. கோளாறோடு இருக்கிறார், அதுவும் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருப்பது வெறும் மூன்று மாறுபாடுகளில் ஒன்று. ஐஸ்லாந்துத் தீவில் பி.ஆர்.சி.ஏ.2-இல் ஒரே ஒரு மாறுபாடு ஊர் முழுக்கப் பரவி இருக்கிறது. பஹாமாஸ் என்ற சின்னத் தீவு நாட்டில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களைப் பரிசோதித்தபோது கிட்டத்தட்ட நாலில் ஒருவரிடம் பி.ஆர்.சி.ஏ. கோளாறு இருந்தது, உலகில் எங்கும் இவ்வளவு கூடுதலாகக் காண்பது அரிது.

நமக்கு நெருக்கமான கதை ஒன்றும் உண்டு, எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. அந்த மூன்று யூத மாறுபாடுகளில் ஒன்றை மருத்துவர்கள் 185டெல்ஏஜி என்பார்கள். பி.ஆர்.சி.ஏ.1-இல் அடுத்தடுத்துள்ள ஏ, ஜி என்ற இரண்டு டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கும், அதனால் அதற்குப் பிறகு வருகிற வாசகம் முழுவதும் பிசகிவிடும். சென்னையில் தென்னிந்தியப் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தபோது, அவர்களிடமும் இதே மாறுபாடு திரும்பத் திரும்பத் தென்பட்டது. யூதரிடமிருந்து கடல்வழி வந்ததா? அதற்கு முன்பே, 2007-இல், ஓர் இந்தியக் குடும்பத்தில் அந்த மாறுபாட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள எழுத்துகளை ஆராய்ந்தவர்கள் அது தனியாகத் தோன்றியது என்று எழுதினார்கள். ஒரே இடத்தில் ஒரே பிழை, இரண்டு ஊர்களில், சம்பந்தமே இல்லாமல். ஆகவே "யூத மாறுபாடு" என்று பெயர் ஒட்டிவிட்டு நமக்கு அது இல்லை என்று விடமுடியாது. இலங்கையிலும் கொழும்பு ஆய்வாளர்கள் 2008-இல் நம் நாட்டு நோயாளிகளின் பி.ஆர்.சி.ஏ.1-ஐப் படித்து, அதுவரை எங்கும் பதிவாகாத மாறுபாடுகளைக் கண்டு வெளியிட்டார்கள்.

பி.ஆர்.சி.ஏ. மட்டும் இல்லை. செக்2 என்ற மரபணுவில் ஒரு மாறுபாடு வட ஐரோப்பியரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இருக்கிறது, ஆபத்தை இரட்டிப்பாக்கும், ஆசியரிடம் அதைக் காண்பதே அரிது. மறுபக்கம், 2009-இல் ஷாங்காய்ப் பெண்களிடம் தொடங்கிய ஆய்வொன்று 6 ஆம் நிறமூர்த்தத்தில், ஈஸ்ட்ரோஜன் ஓமோனை ஏற்கும் மரபணுவுக்குப் பக்கத்தில், ஆபத்தைச் சற்றே கூட்டும் மாறுபாடு ஒன்றைக் கண்டது. அதே பகுதியில் 2014-இல் இன்னொன்று கண்டார்கள், அமெரிக்கப் பூர்வகுடிகளின் வழி வந்த லத்தீன் பெண்களிடம் இருப்பது, அது ஆபத்தைக் குறைக்கிறது. மாறுபாடு என்றாலே கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, சில காக்கும்.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போகாமல் இருக்கவேண்டும். இனத்துக்கு இனம் மரபணுவே வேறு என்று இல்லை. 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவொன்டின் கணக்குப் போட்டுக் காட்டியதுபோல, மனிதருக்குள் இருக்கிற மரபு வேறுபாட்டில் 85 வீதம் அளவு எந்த ஒரு மக்கள் கூட்டத்தை எடுத்தாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. நோய் ஓரிடத்தில் கூடுவதற்கும் ஓரிடத்தில் குறைவதற்கும் வாழ்க்கைமுறையே பெரிய காரணம். சீன, யப்பானிய, பிலிப்பைன்ஸ் பெண்கள் அமெரிக்காவுக்குக் குடிபோய், அங்கே பிறந்த மகள், பேத்தி என்று தலைமுறை போகப் போக அவர்களின் மார்பகப் புற்றுநோய் வீதம் ஏறிக்கொண்டே போனதை 1993-இல் காட்டினார்கள். மரபணு மாறவில்லை, பிள்ளை பெறுகிற வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, உடல் எடை எல்லாம் மாறின. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002-இல் சொன்னது: ஒரு பெண் மொத்தமாகத் தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 வீதம் குறைகிறது.

அப்படியென்றால் இனத்தைப் பற்றி ஏன் பேசவேண்டும்? எங்களைப் பற்றி எழுதிவைத்த தகவல் மிகக் குறைவு என்பதால்தான், இதில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் இருக்கிறது. நோய்களுக்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடிய ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 79 வீதம் ஐரோப்பிய வழிவந்தவர்கள் என்று 2019-இல் கணக்கிட்டார்கள். மேலே நான் சொன்ன 72, 69 என்ற எண்களும் பெரும்பாலும் அவர்களிடமிருந்து வந்தவைதான். ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் என்று உலகம் முழுக்கப் பயன்படுகிற ஒரு பெரிய தகவல் தொகுப்பு, 2015-இல் முடிந்தது, 26 மக்கள் கூட்டங்களிலிருந்து 2,504 பேர். அதில் இலங்கைத் தமிழர் இருக்கிறார்கள், பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். 102 பேர், எல்லோரும் பிரித்தானியாவில் வாழ்பவர்கள். வாவியின் இரண்டு கரையிலும் இவ்வளவு சனம் இருக்க, இங்கே வந்து எடுத்தது ஒன்றுகூட அதில் இல்லை.

தகவல் குறைந்தால் என்ன நடக்கும் என்றால், ஒருவருடைய மரபணுவைச் சோதித்து ஒரு மாறுபாட்டைக் காண்கிறார்கள், ஆனால் அது நோய் தருவதா, நம் சனத்தில் பலரிடம் சும்மா இருப்பதா என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. அறிக்கையில் முக்கியத்துவம் தெரியாத மாறுபாடு என்று போட்டுவிடுவார்கள். ஐரோப்பியரைவிட ஆசியருக்கும் ஆபிரிக்கருக்கும் இந்தப் பதில் அடிக்கடி வருகிறது. அப்படி வந்தால் அதை வைத்து மார்பகத்தை அகற்றுவது போன்ற பெரிய முடிவு எதையும் எடுக்கக்கூடாது, குடும்ப வரலாற்றை வைத்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். காலம் போகத் தகவல் சேர்ந்து அந்தப் பதில் மாறவும் கூடும்.

இதேபோல இப்போது நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாறுபாடுகளைக் கூட்டிப் புள்ளி போட்டு ஆபத்தைச் சொல்கிற முறை ஒன்றும் வந்திருக்கிறது. 2019-இல் வந்தது 313 மாறுபாடுகளைக் கூட்டியது. இந்தச் சின்ன மாறுபாடுகள் பெரும்பாலும் நோய்க்குக் காரணமானவை அல்ல, காரணத்துக்குப் பக்கத்தில் நிற்கிற அடையாளங்கள். அரசமரத்துக்குப் பக்கத்து வீடு என்று வழி சொன்னால் எங்கள் ஊரில் சரியாகப் போய்ச் சேருவீர்கள், அதே வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனால் அங்கேயும் அரசமரம் நிற்கும், வீடு வேறு யாருடையதாகவோ இருக்கும். ஐரோப்பியரை வைத்துச் செய்த புள்ளி நமக்குக் கொஞ்சம் வழிதவறுவது அதனால்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீன, மலாய், இந்தியப் பெண்களை வைத்து இதைச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டார்கள், அது நல்ல செய்தி.

மச்சாள் கேட்ட இன்னொரு கேள்வி: நாங்கள் மாமன் மகள், மாமி மகன் என்று சொந்தத்துக்குள் கட்டுகிறோமே, அதனால் இது கூடுமா? பி.ஆர்.சி.ஏ. விஷயத்தில் ஒரு பிரதி பழுதானாலே ஆபத்து கூடுவதால், பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் பிள்ளைக்குப் பாதி வாய்ப்பு, அவர் யாரைக் கட்டினாலும் அதேதான். ஆனால் இரண்டு பேரிடமும் ஒரே கோளாறு இருந்து, பி.ஆர்.சி.ஏ.2-இன் இரண்டு பிரதியும் பழுதாகப் பிறக்கிற பிள்ளைக்கு ஃபன்கோனி இரத்தச்சோகை என்ற கடுமையான நோய் வரும். சொந்தத்துக்குள் கட்டும்போது அந்தச் சந்தர்ப்பம் கூடுகிறது. அதோடு, தலைமுறை தலைமுறையாக ஒரே நாலைந்து ஊருக்குள் பெண் கொடுத்து எடுக்கும்போது ஒரு மாறுபாடு அந்த விதைநெல் மாதிரித் தேங்கலாம். தமிழர், முஸ்லிம்கள், மட்டக்களப்பில் இன்றும் போர்த்துக்கேய மொழி பேசுகிற பறங்கியர் என்று இந்தக் கரையில் எல்லோரும் தங்களுக்குள்ளேதான் அதிகம் கட்டியிருக்கிறோம். தேங்கியிருக்கிறதா இல்லையா என்று பார்க்க இங்கே ஆய்வு வேண்டும்.

கிளினிக்கில் கேட்டால் எதைச் சொல்லவேண்டும்? இரண்டு பக்கமும். அம்மாவின் ஆட்கள், அப்பாவின் ஆட்கள், என்ன புற்றுநோய், எந்த வயதில். 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், இரண்டு மார்பிலும் வந்தது, சூலகப் புற்றுநோய், ஆண் ஒருவருக்கு மார்பகத்தில் வந்தது, ஒரே பக்கத்தில் பலருக்கு வந்தது, இதில் எது இருந்தாலும் விடாமல் சொல்லுங்கள். மரபணுச் சோதனைக்குப் போவதென்றால் நோய் வந்தவரை முதலில் சோதிப்பதுதான் நல்லது. அவரிடம் கோளாறு எது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடிப் பார்க்கலாம், இருக்கிறதா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

அன்று இரவே நானும் மச்சாளும் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து நடுவில் கோடு போட்டு எழுதத் தொடங்கினோம். அவளுடைய தாய்ப் பக்கம் பத்து நிமிடத்தில் நிரம்பியது, யார் எப்போது எதனால் செத்தார்கள் என்று அவளுக்கு மனப்பாடம். தகப்பன் பக்கம் பெரியம்மாவோடு நின்றுவிட்டது. கடைசியில் பெரியம்மாவுக்கே கோல் எடுத்தோம். அம்மம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தவராம், மச்சாளுக்கு அவர் அப்பம்மாவின் தங்கச்சி, எங்கள் இரண்டு பேருக்கும் பெயர்கூடத் தெரியாது. அவருக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"வயித்துக்க கட்டி எண்டு சொன்னவங்க மகள், வயிறு வீங்கிப்போய் மூணு மாசத்துல முடிஞ்சிட்டு. 41 வயசு" என்றார் பெரியம்மா.

மச்சாள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அதை எழுதினாள். வயதை எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். வாற செவ்வாய்க்கிழமை பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு கொப்பியோடு போகிறோம்.